சேம்பர் அண்ணனின் ஒரே பாட்டு

கம்பம் பள்ளத்தாக்கில் இன்றைய தேதிக்கு ஃபோக் ராக் பாடகர்கள் மொத்தம் ஒருவர். அவர் வெளியிட்ட பாடல்களும் மொத்தம் ஒன்று. அதை இணையத்தில் கேட்டவர்கள் எல்லோரையும் திரட்டினால் ஒரு டவுன் பஸ்ஸில் உட்கார வைத்துவிடலாம். யாரும் நிற்க வேண்டியிருக்காது. மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். கூடலூர் தொடங்கித் தேனி வரை மைக் செட் வைத்திருப்பவர்களிடம் விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்டார்கள்.

"வாழக்கா குடோன்ல ஒருத்தரு குல்லாப் போட்டுக்கிட்டுப் பாடுவாரே, அவரா?"

அவரேதான்.

வீரபாண்டி தாண்டி, சின்னமனூர் போகிற சாலையில் இருந்தது எங்கள் குடோன். பச்சை வாழைச் சீப்புகளைப் பெட்டிகளில் அடுக்கி, மூடிய அறையில் வைத்து, வாயு செலுத்தி, குளிரிலேயே நாலைந்து நாள் நிறுத்திப் பழமாக்கி அனுப்புகிற இடம். அந்த அறைக்கு சேம்பர் என்று பெயர். அந்த அறைகளைப் பார்த்துக்கொள்கிற மனிதருக்கும் அதே பெயர்தான். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு என்பதே எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

நான் குச்சனூர்ப் பக்கம். பி.காம். முடித்துவிட்டு அங்கே கம்ப்யூட்டரில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் படித்து முடித்த முதல் ஆள் நான். அதனால் எந்த வேலையையும் முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிற வெறி அப்போது இருந்தது. சேர்ந்த முதல் நாள், வெளியே தார் உருகுகிற வெயில். ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்ட ஒருவர் கையில் கிட்டாருடன் என் மேசை முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, ரெண்டாம் நம்பர் கம்ப்ரசர நிப்பாட்டுங்க. நாலு நிமிசம்."

"எதுக்குண்ணே?"

"பாடணும்."

பழுக்க வைக்கிற முறைகளில் இதுவும் ஒன்றோ என்று நினைத்து, நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டேன்: "பாடுனா சீக்கிரம் பழுக்குமாண்ணே?"

அவர் சிரிக்கவில்லை. குல்லாவுக்குள் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "அத இன்னும் பாக்கல தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் அறைக்குள் போய்ப் பாடியதற்குக் காரணம் காற்று. எங்கள் பள்ளத்தாக்கில் ஆடி மாதம் வீசுகிற காற்று ஓட்டுக்கூரையையே யோசிக்க வைக்கும். தோப்பில் உட்கார்ந்து பாடிப் பதிவு செய்தால் வாழையிலை படபடக்கிறது. வீட்டில் பாடினால் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடுகிறது. சேம்பரின் சுவரோ ஒரு சாண் கனம். வாயுவை வெளியேற்றிய பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பாடினால் உலகமே இல்லை. ஆனால் காலி அறை ஆகாது, கிணற்றுக்குள் பாடுவது போலிருக்கும். லோடு நிறைந்திருக்க வேண்டும்.

"பச்சக் காய்தான் பாட்டுக்குச் சரி" என்பார். "பழுத்துட்டா சத்தம் மெத்துனு போயிருது."

லோடுமேன் முத்தையா இதையெல்லாம் பயபக்தியோடு கேட்டுக்கொள்வான். "நேந்திரங்கா லோடுன்னா எப்பிடிண்ணே?"

"அது மலையாளப் பாட்டுக்கு."

முதலாளி மட்டும் எதிலும் கலந்துகொள்ள மாட்டார். "எனக்குப் பழம் பழுக்கணும்யா. நீ பாடு, ஆடு, என்னமும் பண்ணு. நாளைக்கிக் காய் பழுக்காம மார்க்கெட்டுல கேட்டாகன்னா, எங்க சேம்பர் ரெண்டாவது சரணத்துல இருந்தாருன்னு நான் சொல்ல முடியாது."

அந்தப் பாட்டுக்கு முதல் விமர்சகனும் முத்தையாதான். ஒருநாள் முழுசாகக் கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டான்.

"நல்லாருக்குண்ணே. குத்து எப்ப வரும்?"

"வராது."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

முத்தையா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு என் பக்கம் குனிந்து, "பாவம்யா" என்றான்.

ஃபோக் ராக் என்றால் என்ன என்று நானும் ஒருநாள் கேட்டேன். "கும்மிப் பாட்டுக்குக் கிட்டாரு வாசிச்சு, ஆனா யாரும் கும்மி அடிக்க முடியாதபடி பாடுறது" என்றார். அதைவிடத் தெளிவான விளக்கத்தை இன்றுவரை நான் எங்கும் படிக்கவில்லை.

இரண்டு வருஷம் அந்த ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிப் பதிவு செய்தார். குளிரில் கிட்டார்க் கம்பி சுருதி இறங்கிவிடும். முறுக்கிச் சரிசெய்து முடிப்பதற்குள் கம்ப்ரசரைப் போடச் சொல்லி முதலாளி கதவைத் தட்டுவார். வேறு பாட்டே எழுத மாட்டீர்களா என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"இது போய்ச் சேரட்டும் தம்பி. அப்பறம் பாப்போம்."

யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதை, ஒரு மழை நாளில் லாரி வரக் காத்திருந்தபோது சொன்னார். அன்று அவர் முகத்தில் வேடிக்கை எதுவும் இல்லை.

கம்பத்தில் அவருக்கு ஓர் அண்ணன். இருவருக்கும் பொதுவாகப் பன்னீர் திராட்சைத் தோட்டம். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் பந்தல் போட்டிருப்பார்கள். ஒரு தூணுக்குப் பிடிமானமாகக் கட்டியிருந்த இழுவைக் கம்பி தளர்ந்திருந்தது. "சின்னவனே, காத்து எறங்குறதுக்குள்ள அத இறுக்கிருடா" என்று அண்ணன் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். இவர் வந்து கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கொச்சிக்குப் பாடப் போய்விட்டார். மூன்றாம் நாள் காற்று இறங்கியது. காய் பிடித்திருந்த பந்தல் அப்படியே சரிந்து, கல்தூண் அண்ணனின் வலது காலில் விழுந்தது.

இவர் திரும்பி வந்து ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்றபோது அண்ணன் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாராம். "ஏலே, இனி ஒன் சாவுக்குக்கூட நான் வரமாட்டேன்."

அதற்குப் பிறகு ஏழு வருஷம் பேச்சில்லை. இவர் தோட்டத்தை விட்டு வெளியேறி இங்கே வந்தார். நேரில் சொல்ல வாய் வராததைப் பாட்டாக எழுதினார்.

*கல்லுத்தூணு சாஞ்ச அன்னைக்கி*
*கைகுடுக்க நானில்லையே*
*கட்டுறேன்னு சொன்ன கம்பியக்*
*கட்டாமப் போனேனே*

இதுதான் முதல் நாலு வரி. இதற்குக் குத்து வைக்க முடியாது என்று அன்றைக்கு எனக்கும் புரிந்தது.

கடைசியில் ஒரு பதிவு அவருக்கே திருப்தியாக வந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குடோன் வாசலில் மைக் செட் வைத்து வெளியிடுவது, அதே நேரத்தில் இணையத்திலும் ஏற்றுவது என்று முடிவானது. அண்ணனுக்குத் தெரிவிக்க வழியில்லை. நம்பர் மாறிவிட்டது, கடிதம் போட்டால் பிரிக்க மாட்டார். ஆனால் திராட்சை கொண்டுவருகிற நாளில் கம்பம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கட்டாயம் வருவார். எனவே பிளக்ஸ் வைப்பது என்று தீர்மானித்தோம். தேனியில் ஒன்று, குடோன் வாசலில் ஒன்று, கம்பத்தில் ஒன்று.

எழுத்து வேலை ஆகையால் பொறுப்பு என்னுடையது. இனி வருகிற எல்லாத் தவறும் என்னுடையதுதான்.

எங்கள் பக்கத்தில் பிளக்ஸ் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஒரு காதுகுத்துக்கு வைக்கிற பிளக்ஸில் குறைந்தது நாற்பது முகம் இருக்கும். தாய்மாமன் பெரிசாக, நண்பர்கள் சின்னதாக, கூலிங்கிளாஸ் போட்ட கைக்குழந்தை நடுவில். இதெல்லாம் கூடாது என்று சேம்பர் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தனியாகப் பாடுகிறவன் தனியாகத்தான் நிற்க வேண்டும், வெளிநாட்டில் எல்லாம் அப்படித்தான், படமும் கறுப்பு வெள்ளையில்தான் போடுவார்கள் என்றார். எனக்கு அது உயர்வான ரசனையாகப் பட்டது.

கம்பத்து பிளக்ஸ் கடைக்காரர் கேட்டார். "கீழ யார் யாரு போட்டோ?"

"யாரும் இல்ல. இவர் மட்டும்தான்."

"கலரு?"

"கறுப்பு வெள்ள."

கடைக்காரர் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், கடையில் சத்தமாக ஓடிக்கொண்டிருந்த சினிமாப் பாட்டை நிறுத்தினார். எனக்கு டீ வாங்கி வரச் சொன்னார். கலையை மதிக்கிற மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். படத்தில் கிட்டார் இருந்தது; அளவுக்குச் சரிவரவில்லை என்று மார்பளவுக்கு வெட்டினார். பெயர், கிழமை, நேரம், இடம், கீழே "ஒரு குரல்" என்று இரண்டு சொல். பாட்டு என்று போட வேண்டாம், வந்து கேட்கட்டும் என்பது சேம்பர் அண்ணனின் உத்தரவு. பிளக்ஸைச் சுருட்டி என்னிடம் கொடுத்த கடைக்காரர் என் கையைப் பிடித்து அழுத்தி, "தைரியமா இருங்க தம்பி" என்றார். முதல் வெளியீடு என்றால் யாருக்கும் கொஞ்சம் பயம் இருக்கத்தானே செய்யும் என்று நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வெள்ளி மாலை பிளக்ஸ் ஏறியது. சனிக்கிழமை எட்டு மணிக்கே முதல் ரசிகர் வந்துவிட்டார். தேவதானப்பட்டியிலிருந்து எங்களிடம் பழம் எடுக்கிற வியாபாரி. கையில் ரோஜா மாலை. எனக்குப் பெருமையாக இருந்தது.

"எங்க வச்சிருக்கீக?" என்று மெதுவாகக் கேட்டார்.

"உள்ள இருக்காருண்ணே, சேம்பர்ல."

"அதுவும் நல்லதுதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது சேம்பர் கதவு திறந்து, குளிர்ப்புகையோடு சேம்பர் அண்ணன் வெளியே வந்து, "வாங்கண்ணே, வெரசா வந்துட்டீக" என்றார். வியாபாரி மாலையைக் கீழே போட்டுவிட்டு லாரி வரைக்கும் ஓடினார்.

விஷயம் விளங்கியதும் அவருக்குக் கோபம் தாங்கவில்லை. "கடைய அடச்சுப்புட்டு வந்திருக்கேன்யா. சாகாதவன் எதுக்குய்யா ஒத்தையா நிக்கிற பிளக்ஸு வைக்கிற?"

"வந்தது வந்துட்டீக. பாட்டக் கேட்டுட்டுப் போங்க" என்றார் சேம்பர் அண்ணன்.

அதற்குள் இன்னும் ஆள் வந்துகொண்டிருந்தது. சைக்கிளில், ஆட்டோவில், துண்டை வாயில் பொத்திக்கொண்டு. ஒவ்வொருவருக்கும் முத்தையா வாசலிலேயே நின்று, "சாவு இல்லண்ணே, பாட்டு. உள்ள போங்க" என்று விளக்கிக்கொண்டிருந்தான். மாலைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மைக் செட்டின் ஒலிபெருக்கிகளுக்குச் சாத்தினான். முதலாளி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதே காலுக்கு ஒரு வேன் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கிப் பின்கதவைத் திறந்து ஒரு பிரீசர் பெட்டியை இழுத்தார்கள்.

"எங்க எறக்கணும்?"

முதலாளி எழுந்தார். "ஏம்ப்பா, பத்து டன்னு புடிக்கிற பிரீசர் ரெண்டு வச்சிருக்கேன். எங்கிட்ட வந்து பெட்டி எறக்குறியா?"

"நாங்க சின்னமனூருங்க. கம்பத்துல இருந்து போன் வந்துச்சு. ஆளு எல்லாம் வந்து சேர்ற வரைக்கும் வச்சிருக்கணும்னு அவுக அண்ணன்தான் சொன்னாக. பொறப்பட்டு வந்துக்கிட்டு இருக்காக."

சேம்பர் அண்ணன் குல்லாவைக் கழற்றினார்.

"யாரு சொன்னாக?"

"அண்ணன்னாக. அழுகையில வார்த்த சரியா வெளங்கலைங்க."

அவர் பெட்டியின் மேல் கைவைத்து நின்றார். கண்ணாடிக்குள் ஒன்றுமில்லை. ஏழு வருஷம் சாவுக்கும் வரமாட்டேன் என்றிருந்தவர் வந்துகொண்டிருக்கிறார். இன்னும் முக்கால் மணி நேரம் சும்மா இருந்தால் போதும், வாசலில் வந்து இறங்கிவிடுவார். பாட்டு போய்ச் சேர்ந்துவிடும். உயிரோடு இருக்கிற தகவல் போனால் பாதி வழியிலேயே வண்டியைத் திருப்பிவிடுவார்; ஊரைக்கூட்டி ஏமாற்றினான் என்று இன்னும் ஏழு வருஷம் சேரும்.

முத்தையாவும் அதையேதான் சொன்னான். "பேசாம இருங்கண்ணே. வரட்டும். வந்தப்பறம் பாத்துக்கலாம்."

சேம்பர் அண்ணன் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். வேன்காரரிடமிருந்து நம்பரை வாங்கி என் கையில் கொடுத்தார்.

"சொல்லிருங்க தம்பி."

"திரும்பிப் போயிட்டாகன்னா?"

"போகட்டும். வழி பூரா அழுதுக்கிட்டே வருவாக. அது வேணாம்."

போட்டேன். எடுத்தது அவர் மதினி, அண்ணனின் மனைவி. பின்னால் வண்டி ஓடுகிற சத்தம்.

"அக்கா, குடோன்ல இருந்து பேசுறேன். ஒங்க கொழுந்தனாருக்கு ஒண்ணும் இல்லக்கா. நல்லா இருக்காக. அது பாட்டுக்கு வச்ச பிளக்ஸு."

"என்ன பாட்டு?"

"அவரே எழுதிப் பாடுனதுக்கா."

"ஆத்தாடி" என்று ஒரு குரல். பிறகு போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவர் யாரிடமோ சொல்வது கேட்டது. அப்புறம் ஓர் ஆண் குரல், "வண்டிய நிப்பாட்டு" என்றது. இணைப்பு அறுந்துவிட்டது.

நான் கேட்டதைக் கேட்டபடியே சொன்னேன். "சரி" என்று சொல்லிவிட்டு அவர் சேம்பருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே கிட்டார்ச் சத்தம்கூட இல்லை.

பத்து மணி ஆனது. மைக் செட்காரர் போடவா என்று கேட்டார். முதலாளி இருக்கட்டும் என்று கைகாட்டினார். பத்தரை ஆனது. சாவுக் கேதம் கேட்க வந்த கூட்டம் முழுக்க டீ குடித்துவிட்டுச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தது. பிளக்ஸைத் திட்டிய வியாபாரிகூடக் கிளம்பவில்லை. "உத்தமபாளையத்துல நிப்பாட்டிருந்தா திரும்பிருப்பாரு. சின்னமனூர்ல நிப்பாட்டிருந்தா வந்துருவாரு" என்று கணக்குச் சொன்னார்.

பத்தே முக்காலுக்கு ஒரு ஜீப் வந்தது.

முதலில் மதினி இறங்கினார். அதற்குள் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டிருந்த சேம்பர் அண்ணனிடம் ஓடிப் போய்க் கையைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் விட்டார்.

"ஏய்யா, கையி சில்லுனு இருக்கேய்யா."

"சேம்பர்ல இருந்தேன் மதினி."

"நாசமாப் போறவனே" என்று சொல்லி முதுகில் நாலு அடி வைத்துவிட்டு, அதே முதுகில் முகத்தைப் புதைத்து அழுதார்.

பெரியவர் மெதுவாக இறங்கினார். வலது காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். தம்பியைப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து, கையிலிருந்த மாலையை நீட்டினார்.

"இத எங்கயாச்சும் வைங்க தம்பி. சாவுக்கு வாங்குன மாலைய வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போகக் கூடாது. அதுக்குத்தான் வந்தேன்."

முதலாளி தன் நாற்காலியை அவருக்குப் போட்டார். மைக் செட்காரர் பாட்டைப் போட்டார்.

நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தப் பாட்டை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அன்றுதான் அதில் அவர் மூச்சு வாங்குகிற இடங்கள் எல்லாம் தெரிந்தன. கல்தூண் வரி வந்தபோது பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது சரணம் வந்தது.

*கவாத்து வெட்டி அஞ்சாம் நாளு*
*கணுவுல துளிரு வருதண்ணே*
*வெட்டுன கொடியும் துளுக்குதே*
*விட்டுட்டுப் போன நான் துளுப்பேனா*

முடிந்தது. முத்தையா குத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். சேம்பர் அண்ணன் அவரிடமிருந்து மூன்றடி தூரத்தில்தான் நின்றார்.

"தம்பி, பாடுனவன்ட்டச் சொல்லுங்க. கவாத்து வெட்டி அஞ்சாம் நாள் துளுக்காது. பத்து நாள் ஆகும்."

நான் திரும்பி, "பத்து நாள் ஆகுமாம்ணே" என்றேன்.

"தெரியும்னு சொல்லுங்க தம்பி. மெட்டுக்கு அஞ்சுதான் உக்காருது."

"மெட்டுக்கு அஞ்சுதான் உக்காருதாம்."

"தோட்டத்துக்காரன் கேட்டா சிரிக்க மாட்டானான்னு கேளுங்க."

"சிரிப்பாகளாம்ணே."

சேம்பர் அண்ணன் குல்லாவைக் கையில் கசக்கிக்கொண்டே நின்றார். "மாத்திப் பாடிர்றேன்னு சொல்லுங்க. பத்தாம் நாள்னே பாடிர்றேன். தாளம் இடிச்சாலும் பரவாயில்லன்னு சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் கையை உயர்த்தினார். வெகுநேரம் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்த வேணாம்னு சொல்லுங்க தம்பி" என்றார். "பாட்டுலயாச்சும் அஞ்சாம் நாள் துளுக்கட்டும்."

இதை நான் திருப்பிச் சொல்லவில்லை. தேவைப்படவில்லை. சேம்பர் அண்ணன் அங்கேயே, பழப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

கேதத்துக்கு வந்தவர்கள் போகும்போது சொல்லிக்கொண்டு போவதில்லை. எங்கள் பக்கத்தில் அது கண்டிப்பான முறை. வந்தோம், கிளம்பினோம் என்று எழுந்து போய்விட வேண்டும். பெரியவரும் அப்படியே எழுந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஜீப்பில் ஏறினார். மதினி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறினார். ஜீப் கிளம்பி, சாலையில் ஏறி, பத்து கெஜம் போய் நின்றது. பிறகு மெதுவாகப் பின்னோக்கி வந்தது.

பெரியவர் சாலையைப் பார்த்தபடியே, சன்னல் வழியாகச் சொன்னார்.

"வாரேன்டா."

சேம்பர் அண்ணன் எழுந்து ஓடி வந்தார். வாயைத் திறந்தார். அவருக்குக் குரல் வரவில்லை. ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. அன்று முழுக்க அவருக்காகப் பேசிப் பழகிவிட்டதால், நான்தான் பதில் சொன்னேன்.

"வாங்கண்ணே."

அந்தக் குடோனில் ஆயிரக்கணக்கில் பில் போட்டிருக்கிறேன். நான் செய்த வேலை என்று எதையாவது சொல்லச் சொன்னால், அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்வேன்.